முள் காட்டிய கரை

பள்ளிவாசல்துறை
2012 ஒக்டோபர் 3

தம்பி ஜப்பாருக்கு, உன் காக்கா ஹயாத்து முகம்மது சொல்லச் சொல்ல, மருமகள் ஃபஹ்மியா எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் சொல்வது முறை, சொல்லிவிட்டேன். அதற்காக என் மனம் இறங்கிவிட்டதென்று நினைக்காதே.

நீ நம் பழைய ஊர் சிலாவத்துறைக்குத் திரும்பிப்போன நாளில், புத்தளம் பஸ் நிலையத்தில், சனங்களுக்கு முன்னால், “இனி உன் குரல் என் காதில் விழக்கூடாது” என்று சத்தியம் பண்ணினேன். வாப்பாவின் வளவில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கடைக்கு அத்திவாரம் வெட்டியவன் நீ. அந்தச் சத்தியம் இன்னும் அப்படியே இருக்கிறது. போனை எடுத்து நீட்டினால் நான் வாங்க மாட்டேன். ஆனால் எழுத்துக்குக் குரல் இல்லை. பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டேன், அவரும் சிரித்துக்கொண்டே ஓம் என்றார்.

நீ லொறிக்காரனிடம் கொடுத்தனுப்பிய காந்த பெல்ட் வந்து சேர்ந்தது. நோன்பு மாதத்தில் போட்டைக் கரைக்குத் தள்ளும்போது மகன் இன்சாப்புக்கு இடுப்புப் பிடித்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, எலும்பில் ஒன்றுமில்லை, கொஞ்ச நாள் படுத்திரு என்றார்கள். கடல்காரன் படுத்தால் அடுப்பும் படுத்துவிடும். ஆகவே மறுப்புச் சொல்லாமல் உன் பெல்ட்டைப் பிரித்தோம். மேசையில் கிடந்த கரண்டி துள்ளி வந்து அதில் ஒட்டிக்கொண்டது. “மாமா, இது நோவை மட்டும் இழுக்குமா, சட்டி பானையையும் சேத்து இழுக்குமா?” என்று ஃபஹ்மியா சிரித்தாள். இதை எழுதும்போதும் சிரிக்கிறாள்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். கட்டி ஒரு வாரத்தில் இன்சாப் நிமிர்ந்துவிட்டான். இப்போது எஞ்சினைத் தானே தூக்கி மாட்டுகிறான். அதற்கு நன்றி. என் முழங்காலுக்கென்று நீ வைத்திருந்த சின்னப் பட்டியை நான் கட்டவில்லை. அலுமாரிக்குள் கிடக்கிறது.

பதில் போடுவதானால் போடு. ஒரு தடவை வாசித்துக் காட்டினால் எனக்குப் போதும், சொல்லுக்குச் சொல் மனதில் நிற்கும். அது உனக்குத் தெரியும்.

ஹயாத்து முகம்மது


சிலாவத்துறை
2012 ஒக்டோபர் 11

கண்ணியமிக்க காக்காவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கடிதம் கண்டதும் கடையை மூடிவிட்டு வீட்டுக்குள் போய் உட்கார்ந்து வாசித்தேன். வளவு விஷயத்தில் நான் என்ன சொன்னாலும் நீங்கள் ஏற்கப்போவதில்லை. காடு மூடிக் கிடந்ததை வெட்டித் துப்புரவாக்கினேன், அவ்வளவுதான். உங்கள் பங்கில் நான் ஒரு முருங்கைக் கம்புகூட நட்டதில்லை.

இன்சாப் நிமிர்ந்த செய்தி என் கடைக்குக் கிடைத்த பெரிய பெயர். காக்கா, இது மந்திரமில்லை. கொழும்பில் வகுப்புக்குப் போய், சான்றிதழ் வாங்கி, கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன். இரத்தத்தில் இரும்புச் சத்து இருக்கிறதல்லவா? காந்தம் அதை நோவுள்ள இடத்துக்கு ஓடவைக்கிறது. இரத்தம் ஓடினால் நோவு ஓடும். வட முனை வீக்கத்துக்கு, தென் முனை பலத்துக்கு. இப்போது காந்தத் தண்ணீரும் வைத்திருக்கிறேன். ஸுலைஹா மாமி ஒரு போத்தல் குடித்துவிட்டு, பித்தம் போனதென்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்.

ஒழுங்கு ஒன்றிருக்கிறது. இன்சாப்பிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பாரம் தூக்கும் நேரம், கடலில் வேலை செய்யும் நேரம், பெல்ட் இடுப்பில் இருக்க வேண்டும். கரைக்கு வந்ததும் கழற்றிவிட வேண்டும். தொழுகையிலும் தூக்கத்திலும் கட்டக்கூடாது. இந்தக் கரையில் நாலு போட்டுக்காரர் என் பெல்ட் இல்லாமல் கடலில் இறங்குவதில்லை.

இன்சாப்பின் நம்பர் என்னிடம் இருக்கிறது. பெருநாளுக்குப் போன் எடுத்து ஸலாம் சொல்வேன். அவன் என்மேல் சத்தியம் ஒன்றும் பண்ணவில்லையே.

தம்பி ஜப்பார்


பள்ளிவாசல்துறை
2012 ஒக்டோபர் 29

தம்பி ஜப்பாருக்கு,

பெருநாள் இறைச்சியை நான் தொடவில்லை. காரணம் சொல்கிறேன்.

பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னால், மழை மூடிய காலையில், இன்சாப்பின் போட் உடப்பில் போய்க் கரைதட்டியது. நமது துறை எங்கே, உடப்பு எங்கே! அங்கே வலை முடிந்துகொண்டிருந்த என் சிநேகிதன் தம்பிமுத்துதான் கயிற்றைப் பிடித்து இழுத்திருக்கிறான். “என்ன மருமோன், பள்ளிவாசல்துறைக்கு இப்ப பாதை உடப்பாலயோ? தீமிதிக்க வந்தனியளெண்டா பிந்திட்டியள், அது முடிஞ்சு கனநாள்” என்றானாம். தேத்தண்ணி கொடுத்து, எண்ணெய் கொடுத்து அனுப்பினான். போட்டில் கூட இருந்தவன் ஃபஹ்மியாவின் தம்பி றிம்ஸான். அவன் வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னான். நான் சிரிக்கவில்லை.

ஏனென்றால் அது முதல் தடவையல்ல. அதற்கு முன்பும் ஒரு மப்பான நாளில் வடக்கே விலகித் தீவுப் பக்கம் போய்த் திரும்பினான். நுரைச்சோலை மின்நிலையத்துப் புகைக்கூண்டு கண்ணுக்குத் தெரிகிற நாளில் பிழையே இல்லை. வானம் மூடி, திசை காட்டும் கொம்பாஸை நம்பி வரவேண்டிய நாளில்தான் இப்படி.

கொம்பாஸ் என்னுடையது. தொண்ணூறில் நம் சனத்தையெல்லாம் விரட்ட, சிலாவத்துறையை விட்டு ஓடிவந்தபோது சாரத்துக்குள் சுற்றி நான் கொண்டுவந்த பொருள் அது ஒன்றுதான். இத்தனை வருடம் ஒரு பொய் சொன்னதில்லை. மற்றவர்கள் போட்டில் ஜிபிஎஸ் பெட்டி வைத்துவிட்டார்கள், நம்மிடம் இதுதான். பெட்டியோடு தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். தொழும் திசையிலுள்ள மிஹ்ராப் மாடத்துக்கு நேராக வைத்தால் முள் வலப்பக்கச் சுவரின் முதல் யன்னலைப் பார்க்க வேண்டும். பார்த்தது. திருப்பி வைத்தேன், ஆட்டி வைத்தேன், அப்போதும் அந்த யன்னலைத்தான் பார்த்தது. கொம்பாஸில் குற்றமில்லை.

அப்போ குற்றம் யாரில்? அதைத்தான் ஊர் கேட்கிறது. தேத்தண்ணிக் கடையில் என் காதில் விழும்படி ஒருவன் கதைக்கிறான்: “இன்சாப் வழி மாறிப் போகல்ல. உடப்புல எதையோ இறக்கிப் போட்டு வாறான். கள்ளப் பீடி இலையாக்கும்.” கடற்படைக்காரரும் வந்து போட்டின் பலகையைக் கிளப்பிப் பார்த்தார்கள். மீன் செதில்தான் இருந்தது.

நான் மகனை முன்னால் நிறுத்திக் கேட்டேன். “கொம்பாஸ் சரி. கரைக்கு வந்தா அது சரியாத்தான் நிக்குது. நீதான் பிழை. கடலுக்குள்ள என்ன செய்றாய்?”

“வாப்பா, முள்ளைப் பாத்துத்தான் வந்த நான். மடியில வெச்ச பெட்டியில இருந்து கண் எடுக்கல்ல.”

“அப்ப முள் பொய் சொல்லுதா?”

“நான் பொய் சொல்றனா?”

 சோறும் தின்னாமல் எழும்பிப் போனான்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்குகிறது. இடையில் ஒரு நாள், இதைவிட மோசமான மழையில், நூல் பிடித்தாற்போல் துறைக்கு வந்தான். அன்று ஃபஹ்மியா பெல்ட்டின் உறையைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். அவன் வெறும் இடுப்போடு போய், முனகிக்கொண்டே வந்தான். நோவு இருந்தால் தூக்கம் வராது, கண் முள்ளில் இருக்கும். உன் பெல்ட்டின் சுகத்தில் இவன் கண்ணயர்கிறானோ என்று என் மனம் சொல்கிறது. நீ என்ன நினைக்கிறாய்?

ஹயாத்து முகம்மது


சிலாவத்துறை
2012 நவம்பர் 6

கண்ணியமிக்க காக்காவுக்கு,

கடிதம் வந்து நாலைந்து நாளாகிறது. கடையில் வேலை. அதனால்தான் பதில் சுணங்கியது.

கொம்பாஸை அவன் மடியிலா வைக்கிறான்? எப்போதும் மடியிலா, அல்லது பலகையில் எங்காவது வைப்பானா? சும்மாதான் கேட்டேன்.

இங்கே யாருக்கும் இப்படி நடந்ததில்லை. இவர்கள் கரை தெரிகிற தூரத்தில்தான் தொழில் செய்கிறார்கள். பெல்ட்டால் இவர்களுக்கு நன்மையைத் தவிர ஒன்றும் வந்ததில்லை. போன வாரம்தான் புதிதாக ஒரு பெட்டிச் சாமான் இறக்கியிருக்கிறேன்.

காக்கா, காந்தத்துக்கும் ஓய்வு வேண்டும். உப்புக் காற்றுப் பட்டால் அது களைத்துப்போகும். பலம் குறைந்துவிடும். ஆகவே இனிமேல் இன்சாப் கரையில் பெல்ட்டைக் கட்டட்டும், கடலில் கழற்றட்டும். போன கடிதத்தில் நான் மாற்றிச் சொல்லியிருந்தேன், அது தொடக்க நாட்களுக்குரிய ஒழுங்கு. இப்போது இரண்டாம் கட்டம். வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனால் இன்னும் நல்லது.

இதை இன்சாப்பிடம் மறக்காமல் சொல்லுங்கள். பெருநாளுக்கு அவனை அழைக்க நினைத்தேன், முடியாமல் போய்விட்டது.

தம்பி ஜப்பார்


பள்ளிவாசல்துறை
2012 நவம்பர் 14

தம்பி ஜப்பாருக்கு,

உன் கடிதத்தை ஃபஹ்மியா வாசித்துக் காட்டினாள். நடுவில் ஒரு வரியை எழுதி, பேனையால் கறுப்பாக அடித்திருக்கிறாய் என்றாள். மை வீணாக்கும் பழக்கம் உனக்கு இருந்ததில்லையே.

ஓம், கொம்பாஸ் மடியில்தான் இருக்கும். நானும் அப்படித்தான் வைத்தேன். ஒரு கை எஞ்சினில், கண் பெட்டியில்.

பெல்ட் கதையைச் சொன்னேன். வீட்டில் விட்டுப்போக இன்சாப் சம்மதிக்கவில்லை. வலை இழுத்து முடிந்ததும் இடுப்பு கொதிக்கும், அப்போது ஒரு நாழிகையாவது கட்டினால்தான் திரும்பி வரலாம் என்கிறான். சரி, கூடவே கொண்டுபோ, உப்புக் காற்றுப் படாமல் வை என்றேன். சின்னப் போட்டில் உப்புப் படாத இடம் எங்கே இருக்கிறது? யோசித்துப் பார்த்து நானே வழி சொன்னேன். மூடிக்கு ரப்பர் வார் வைத்து, ஒரு துளி தண்ணீர் புகாமல் நான் செய்வித்த பெட்டி ஒன்றுதான் அந்தப் போட்டில் காய்ந்த இடம். கொம்பாஸை எடுத்து, பெல்ட்டை மடித்துப் பெட்டியின் அடியில் விரித்து, அதன்மேல் கொம்பாஸை வைத்து மூடிக் கொடுத்தேன். மெத்தையில் குந்தியிருக்கிற மாதிரி அழகாக இருந்தது. இனி உன் காந்தம் களைக்காது.

உடப்பில் நேற்றுத் தீபாவளி. தம்பிமுத்து பலகாரம் கொடுத்தனுப்பினான். இன்றைக்குக் காற்று வாடைக்குத் திரும்பியிருக்கிறது. வானம் அடுப்புச் சாம்பல் மாதிரி. போகாதே என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் ஊர்க் கதை அவனை அரித்துக்கொண்டிருக்கிறது. “இந்த மழையில நேரா நம்மட துறைக்கு வந்து காட்டுறன், பிறகு யார் கதைக்கிறாங்க எண்டு பாப்பம்” என்கிறான். றிம்ஸானும் கூடப் போகிறான்.

புறப்படும் நேரம் கரையில் வைத்து அவன் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினேன். “மகன், கண்ணை நம்பாதே. காற்றை நம்பாதே. எவன் என்ன சொன்னாலும் கேக்காதே. முள் காட்டுற பக்கம் மட்டும் வா.” ஓம் வாப்பா என்றான். அன்றைய சண்டைக்குப் பிறகு அவன் என் முகத்தைப் பார்த்துக் கதைத்தது அப்போதுதான்.

நாளைக் காலை நல்ல மீன் பட்டால் கருவாடு போட்டு உனக்கும் அனுப்புகிறேன்.

ஹயாத்து முகம்மது


சிலாவத்துறை
2012 நவம்பர் 19

காக்கா,

கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. பெட்டியிலிருந்து பெல்ட்டை உடனே எடுக்கச் சொல்லுங்கள். போட்டிலேயே வைக்க வேண்டாம். காரணம் பிறகு சொல்கிறேன்.

இன்சாப்பின் போனுக்கு விடாமல் அடிக்கிறேன். வேலை செய்யவில்லை என்கிறது. ஃபஹ்மியாவின் போனை யாரும் எடுக்கவில்லை.

ஏன் எடுக்கவில்லை?

ஜப்பார்


பள்ளிவாசல்துறை
2012 டிசம்பர் 2

ஜப்பாருக்கு,

இதையும் ஃபஹ்மியாதான் எழுதுகிறாள். லெப்பையைக் கூப்பிடவா என்று கேட்டேன். “நானே எழுதுறன். நீங்க சொல்லுங்க மாமா” என்றாள். புருஷனும் கூடப்பிறந்தவனும் ஒரே போட்டில் போய் வராதவளின் எழுத்து இது. பார்த்துக்கொள்.

அவர்கள் வரவில்லை. எல்லாப் போட்டுகளும் தேடின. கடற்படையும் தேடியது. எல்லை தாண்டிப் பிடிபட்டு அக்கரைச் சிறையில் இருப்பார்களோ என்றும் விசாரித்தாயிற்று. ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை.

ஆனால் கண்டவன் ஒருவன் இருக்கிறான். தம்பிமுத்துவின் மகன் விதுஷன். பிள்ளை உடப்பிலிருந்து வந்து, என் காலடியில் குந்தி, முகத்தை மூடிக்கொண்டு சொன்னான். இவர்கள் போன மறுநாள் விடிந்த நேரம், மழைப் புகார் மூட்டத்துக்குள், நடுக்கடலில் இரண்டு போட்டும் எதிரெதிரே வந்திருக்கின்றன. விதுஷன் கரைக்கு வருகிறான். நம்முடையவன் கரைக்கு முதுகைக் கொடுத்து, எஞ்சினை முழு வேகத்தில் முறுக்கி, மேற்கே போகிறான்.

“இன்சாப் அண்ணே! எங்க போறியள்? கரை இஞ்சால!”

இன்சாப் சிரித்திருக்கிறான். சிரித்துக்கொண்டு கொம்பாஸ் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டியிருக்கிறான். “இல்ல தம்பி, நீதான் மாறிப் போறாய்! திரும்பி எனக்குப் பின்னால வா! வாப்பாட முள் சொல்லுது!”

விதுஷன் போட்டைத் திருப்பி ஓட்டியிருக்கிறான். மழை இறங்கி மூடிவிட்டது. எஞ்சின் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது என்றான். பிறகு அதுவும் இல்லை. கரையிலிருந்து வீசும் வாடைக் காற்று பின்னால் நின்று தள்ளியிருக்கும். எண்ணெய் தீரும் வரைக்கும் என் மகன் வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தான்.

ஜப்பார், எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அந்தச் சிரிப்பைக் கேட்டபிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. தம்பிமுத்துவின் கொம்பாஸை இரவல் வாங்கினேன். அலுமாரிக்குள் கிடந்த என் முழங்கால் பட்டியை எடுத்துக்கொண்டேன். பள்ளிக்குப் போனேன். மிஹ்ராபுக்கு நேராக வைத்தேன், முள் வலப்பக்க யன்னலைப் பார்த்தது. உன் பட்டியை அடியில் வைத்தேன். முள் நடுங்கி, சுழன்று, கிப்லாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. பெட்டியை எந்தப் பக்கம் திருப்பினாலும் முள் பெட்டியோடேயே திரும்பியது. எடுத்தேன், யன்னலுக்கு வந்தது. வைத்தேன், போய்விட்டது. லெப்பை என் கையைப் பிடித்து நிறுத்தும் வரைக்கும் நான் எடுத்தும் வைத்தும் கொண்டிருந்தேன்.

உன் கடிதங்களைத் திரும்ப வாசிக்கச் சொல்லவில்லை. தேவையில்லை. “கொம்பாஸை அவன் மடியிலா வைக்கிறான்?” என்று கேட்டாய். “சும்மாதான் கேட்டேன்” என்றாய். அதற்குப் பிறகுதான் அந்த அடித்த வரி. அதில் நீ எதை எழுதினாய் என்று ஃபஹ்மியா வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கப் போனாள். வேண்டாம் மகள் என்றேன். அடித்தவனுக்குத் தெரியும். அன்றைக்கே உனக்குத் தெரியும்.

உப்புக் காற்றில் காந்தம் களைக்குமா, ஜப்பார்? எந்த வகுப்பில் சொன்னார்கள்? “பெல்ட் முள்ளைத் திருப்பும்.” மூன்று சொல். அதைச் சொன்னால் கடைக்குப் பெயர் கெடும், காக்காவுக்கு முன்னால் தலை குனிய வேண்டும். அதற்காக உப்பின்மேல் போட்டாய். நான் உன்னை நம்பி, உப்புப் படாத இடம் தேடி, முள் எங்கே பார்க்கிறதென்று பாராமல் என் கையால் அந்தப் பெட்டிக்குள் விரித்துக் கொடுத்தேன். என் வாயால் சத்தியமும் வாங்கினேன்.

சத்தியம் பண்ணியவன் நான். இன்சாப் அல்ல. அவன் நம்பர் உன்னிடம் இருந்தது. ஒரு தடவை அழுத்தியிருக்கலாம்.

இனி நான் சொல்வதைக் கேள். உன் கரையில் நாலு போட்டுக்காரர் என்று எழுதினாய். இதை வாசித்து முடித்ததும் கதிரையை விட்டு எழும்பு. நாலு பேரிடமும் போ. உப்பு என்று சொல்லாதே, இரண்டாம் கட்டம் என்று சொல்லாதே. அந்த மூன்று சொல்லை மட்டும், உன் வாயால் சொல். பெல்ட்டை அவர்கள் இடுப்பிலிருந்து கழற்றி எடு.

சொல்லி முடித்துவிட்டு எனக்குப் போன் எடு. சத்தியத்தை முறிக்கிறேன். அதற்குரிய நோன்பைப் பிடிக்கிறேன். நாலு பேரும் கழற்றிவிட்டார்கள் என்று உன் குரலில் நான் கேட்க வேண்டும்.

ஃபஹ்மியா கைம்பெண்ணாக வெள்ளை உடுக்க மாட்டேன் என்கிறாள். காலையும் மாலையும் கரைக்குப் போய் நிற்கிறாள். நான் தடுக்கவில்லை.

ஹயாத்து முகம்மது


சிலாவத்துறைக் கரை
2012 டிசம்பர் 7

காக்கா,

எழும்பினேன். போனேன்.

முதலாமவன் சிரித்தான். “என்ன ஜப்பார் காக்கா, பழசுல குத்தம் சொல்லிப் போட்டு புதுசு விக்க வந்தீங்களா?” இன்சாப்பின் கதையைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. கழற்றித் தந்தான்.

இரண்டாமவன் தரமாட்டேன் என்றான். “நீங்கதானே கட்டிவிட்டீங்க, நோவு நிண்டிரிச்சு, இப்ப ஏன் புடுங்குறீங்க?” என்று கேட்டான். அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டேன். அவனுடைய கொம்பாஸை எடுத்துவரச் சொல்லி, பெல்ட்டைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். முள் திரும்பியதை அவன் தாயும் பார்த்தாள். பெல்ட்டைத் தந்துவிட்டு, என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினான். மூன்றாமவன் பெல்ட்டை அவிழ்த்து என் காலடியில் போட்டான்.

நாலாமவன் நஃபீஸா என்பவளின் புருஷன். நான் போகும்போது நஃபீஸா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். “அவர் விடிய சுபஹுக்கே கடல்ல இறங்கிட்டார். பெல்ட்டை மறந்து வெச்சிட்டுப் போகப் பாத்தார், நான்தான் ஓடிப் போய்க் குடுத்திட்டு வந்தன்” என்றாள்.

அவளிடம் அந்த மூன்று சொல்லைச் சொன்னேன். விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடியே என்னோடு கரைக்கு வந்தாள். பக்கத்தில்தான் நிற்கிறாள். கடையிலிருந்து எடுத்துவந்த காகிதத்தில், கவிழ்த்த வள்ளத்தின்மேல் வைத்து இதை எழுதுகிறேன்.

மழை கடல் பக்கமிருந்து ஏறி வருகிறது. கரைக்கு முன்னால் உள்ள பாறைகூட இப்போது தெரியவில்லை.

போன் சட்டைப் பையில் இருக்கிறது. உங்கள் நம்பரை எடுத்து, எடுத்து, திரும்ப வைக்கிறேன். மூன்று பேரென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, காக்கா. நாலு என்று சொல்வதற்காக நின்றுகொண்டிருக்கிறேன்.

ஜப்பார்